கெட்சால் பறவையைக் காக்க எந்தக் காட்டைக் காக்க வேண்டும்?

பிரிவு: பறவைகள் › பிற நாட்டு இனங்கள்

#1 – முகில்வனம்

கெட்சால் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் 'உலகின் மிக அழகான பறவை' என்ற ஒரு வரியும் சில படங்களும்தான். அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது என்ன சாப்பிடுகிறது, அந்தச் சாப்பாட்டுக்காக ஆண்டு முழுவதும் எங்கெங்கே போகிறது என்று தெரிந்தால்தான் அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற பேச்சே தொடங்கும். அதற்காகவே இந்த இழை.

நான் சொல்வது ஒளிர் கெட்சாலை, அதாவது மத்திய அமெரிக்க இனத்தை. தெற்கு மெக்சிகோவின் சியாப்பாஸில் தொடங்கி குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா வழியாக மேற்குப் பனாமா வரை, மலைகளின் மேல்பகுதி மேகக்காடுகளில் வாழ்கிறது. எடை 200 கிராமுக்குச் சற்று மேல். ஆணுக்குப் பின்னால் தொங்கும் அந்த நீண்ட பச்சைத் தோகையை எல்லோரும் வால் என்கிறார்கள். உண்மையில் அது வாலின் மேல்பக்கத்தை மூடும் இறகுகளின் நீட்சி. 60 சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். உண்மையான வால் அதற்கு அடியில் குட்டையாக, கறுப்பு வெள்ளையில் இருக்கும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். வளர்ந்த பறவைக்கு முக்கிய உணவு காட்டு அவகாடோ வகைகள். அங்கே 'அகுவாகத்தீயோ' என்பார்கள். நம் பட்டர் ஃப்ரூட், இலவங்கப்பட்டை எல்லாம் சேர்ந்த லாரேசி குடும்பத்து மரங்கள் இவை. பழம் சின்னது, விதை பெரியது, சதை கொழுப்பு நிறைந்தது. கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டேயில் ஆய்வு செய்த நத்தானியல் வீல்ரைட் 1980களின் தொடக்கத்தில் எழுதியதைப் பார்த்தால், கெட்சால் 40க்கும் மேற்பட்ட தாவர இனங்களின் பழங்களைத் தின்கிறது. ஆனாலும் அதன் வாழ்க்கை நகர்வது இந்த லாரேசி மரங்களை ஒட்டித்தான்.

இந்த மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு மாதம், ஓர் உயரம். ஆக, பழம் தீர்ந்த காட்டில் கெட்சால் இருக்க முடியாது. மான்டேவெர்டேயில் ஜார்ஜ் பவலும் ராபின் பியோர்க்கும் பறவைகளின் உடலில் சிறு ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் ஜூலைவாக்கில் பறவைகள் பசிபிக் பக்கச் சரிவில் இறங்கின. ஆண்டின் கடைசி மாதங்களில் மலை முகட்டைக் கடந்து மறுபக்க அட்லாண்டிக் சரிவுக்குப் போயின. பிறகு மறுபடி மேலே வந்தன. இதில் பசிபிக் பக்கக் காடு பெரும்பாலும் காப்பகத்துக்கு வெளியே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது.

மத்திய அமெரிக்காவிலேயே நன்றாகப் பாதுகாக்கப்படும் இடங்களில் ஒன்று மான்டேவெர்டே. அங்கேயே இந்த நிலை. கூடு கட்டும் காட்டுக்கு வேலி போட்டுவிட்டு, 'கெட்சாலைக் காப்பாற்றிவிட்டோம்' என்று சொல்லும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இனிச் செலவிடும் பணமும் உழைப்பும் கீழ்ச்சரிவில் தனியார் நிலங்களில் நிற்கும் பழமரங்களுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 – தேனிக்காரன்

நல்ல இழை. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

பறவை ஓராண்டில் எத்தனை இடத்துக்குப் போனாலும், குஞ்சு பொரிப்பது மேகக்காட்டில்தானே? கெட்சாலுக்கு வலுவான அலகு கிடையாது. மரங்கொத்தி மாதிரி பச்சை மரத்தைக் குடைய முடியாது. செத்து, உளுத்து, கையால் பிய்த்தாலே உதிரும் நிலையில் நிற்கும் மரம்தான் அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட மரம் முதிர்ந்த காட்டில் மட்டுமே இருக்கும். அந்த மரம் ரொம்ப நாள் நிற்கவும் நிற்காது, ஒரு புயலில் விழுந்துவிடும். புதிய மரங்கள் தொடர்ந்து முதிர்ந்து சாக வேண்டும். அதற்குப் பெரிய, கைபடாத காடு தேவை.

குவாத்தமாலாவில் மேகக்காடு இன்றைக்கும் மக்காச்சோளத்துக்காகவும் விறகுக்காகவும் அழிந்துகொண்டிருக்கிறது. மேல் காடே போய்விட்டால், கீழே பழமரம் வைத்து யாருக்காக? முதலில் இருப்பதை உறுதியாகக் காப்போம். பறவை இறங்கிப் போகும் வழித்தடமெல்லாம் அடுத்த கட்டம்.

#3 – வன்னிமயில்

வணக்கம். நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். சிங்கராஜக் காட்டில் மலபார் தீக்காக்கையைப் பார்க்கக்கூடியதாக இருந்தது. ஆண் பறவையின் வயிறு நல்ல சிவப்பு, அசையாமல் கொப்பில் நிமிர்ந்து இருக்கும். கெட்சாலும் இதே குடும்பம்தான் என்று வாசித்தேன். சரிதானா? எங்கட தீக்காக்கை பெரும்பாலும் பூச்சிதான் பிடிக்கும். அப்படியென்றால் கெட்சால் எப்படிப் பழத்துக்கு மாறியது? குஞ்சுகளுக்கும் பழம்தானா?

#4 – முகில்வனம்

வன்னிமயில், சரிதான். கெட்சாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள தீக்காக்கையும் ஒரே குடும்பம். காலைப் பார்த்தால் உறவு தெரியும். முதல் இரண்டு விரல்களும் பின்னோக்கி, மற்ற இரண்டும் முன்னோக்கி இருக்கும். மரங்கொத்திக்கும் கிளிக்கும் இரண்டு விரல்கள் பின்னால்தான், ஆனால் அவை முதலும் நான்காவதும். தீக்காக்கைக் குடும்பத்தின் இந்த அமைப்பு வேறு எந்தப் பறவைக்கும் இல்லை.

கால் மிகவும் பலவீனமானது. கிளையில் நடக்கவோ தொங்கிப் பறிக்கவோ கெட்சாலால் முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து பறந்து, பழத்தின் அருகில் ஒரு கணம் சிறகடித்து நின்று, அலகால் பிடுங்கிக்கொண்டு, மறுபடி கிளைக்கு வந்துவிடும். உங்கள் தீக்காக்கை பூச்சியைப் பிடிப்பதும் கிட்டத்தட்ட இதே முறையில்தான். பிடிக்கும் முறை அப்படியே இருக்க, இரை மட்டும் பெரும்பாலும் பழமாகியிருக்கிறது.

குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சிகள்தான். வளர வளரச் சிறு பல்லி, தவளை, நத்தை, அப்புறம் பழம். புரதம் இல்லாமல் குஞ்சு வளராது. பழத்தைக் கடித்துத் துண்டாக்கவும் கெட்சாலுக்குத் தெரியாது. முழுதாக விழுங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, சதை கரைந்ததும் விதையைக் கக்கிவிடும்.

தேனிக்காரன் அண்ணா, உளுத்த மரம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. சில இடங்களில் செயற்கைக் கூடுகள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதே அந்தத் தட்டுப்பாட்டைக் காட்டுகிறது. ஆனால் 'அடுத்த கட்டம்' என்று தள்ளிப்போட்டால், அதற்குள் கீழ்ச்சரிவில் மிச்சம் இருக்கும் மரங்கள் போய்விடும். மேல் காட்டுக்குக் காவலர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது. ஒரு விவசாயியின் நிலத்து ஓரத்தில் நிற்கும் பழைய மரத்துக்கு யாரும் இல்லை.

#5 – செந்தாமரை_சான்ஓசே

வேலை காரணமாகக் கோஸ்டா ரிக்காவில் வசிக்கிறேன். இங்கே நான் பார்த்ததை எழுதுகிறேன், இருவர் வாதத்துக்கும் உதவும்.

தலைநகருக்குத் தெற்கே, செர்ரோ தே லா முவெர்தே மலைப்பகுதியில் சான் ஹெரார்டோ தே டோட்டா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. சாவெக்ரே ஆறு ஓடும் இடம். அங்கே மக்கள் காட்டைத் திருத்திப் பால்மாடு வளர்த்தார்கள், பிறகு பழத்தோட்டம் போட்டார்கள். இன்றைக்கு அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கெட்சாலைப் பார்க்க வருகிறவர்கள். அதனால் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நிற்கும் அகுவாகத்தீயோவைக்கூட யாரும் வெட்டுவதில்லை. எந்த மரம் இப்போது பழுத்திருக்கிறது என்று வழிகாட்டிகள் விடியற்காலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பழுத்த மரம் யார் நிலத்தில் இருக்கிறதோ அவருக்கு அன்றைக்குக் கொஞ்சம் வருமானம்.

முகில்வனம் சொல்வது இங்கே கண்முன் நடக்கிறது. காவலர் இல்லாமலேயே மரம் நிற்கிறது. ஆனால் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் சுற்றுலா வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல சாலை, தங்கும் விடுதி, பயம் இல்லாமல் போய்வரும் நிலைமை எல்லாம் இருந்ததால் இங்கே முடிந்தது. குவாத்தமாலாவின் ஆல்டா வெரபாஸ் மலைக்கிராமத்தில் இதே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பறவை படத்தில் இருப்பதுபோல் பளிச்சென்று கண்ணில் படாது. ஆபத்து என்று தோன்றினால் சிவப்பு வயிற்றை மறைத்து, பச்சை முதுகைக் காட்டி உறைந்துபோய் உட்காரும். மழை ஈரத்தில் மினுங்கும் இலைகளுக்கு நடுவே எதிரில் இருந்தாலும் தெரியாது.

#6 – அறிவன்

வரலாற்றுப் பக்கம் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் பறவையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நேற்று வந்ததல்ல. மாயா, அஸ்டெக் மக்களுக்குக் கெட்சால் தோகை தங்கத்துக்கும் மேலான பொருள். இறகுள்ள நாகக் கடவுளான கெட்சால்கோவாட்டின் உருவத்தில் அந்த இறகு இருக்கிறது. பறவையைப் பிடித்து, தோகையை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரோடு விட்டுவிடுவார்கள் என்றும், கொன்றால் மரண தண்டனை என்றும் ஸ்பானிய காலக் குறிப்புகள் சொல்கின்றன. தோகை எப்படியும் இனப்பெருக்கம் முடிந்ததும் உதிர்ந்து மறுபடி வளரும். அதனால் அந்த முறைக்கு ஓர் அடிப்படை இருந்தது.

வியன்னா அருங்காட்சியகத்தில் அஸ்டெக் பேரரசர் மொக்டெசுமாவின் மகுடம் என்று அழைக்கப்படும் இறகு அணி இருக்கிறதே, அதில் நூற்றுக்கணக்கான கெட்சால் தோகைகள் இருக்கின்றன. மெக்சிகோ அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஓர் ஆணுக்கு மிக நீண்ட இறகுகள் சில மட்டுமே. ஆகவே அந்த ஓர் அணிக்கு எத்தனை பறவைகளின் இறகு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்பானியர்கள் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் தோல் தோலாகக் கப்பலில் போனது. அதே நூற்றாண்டில்தான், 1871இல், குவாத்தமாலா தன் அரசுச் சின்னத்தில் கெட்சாலை வைத்தது. 1920களில் பணத்துக்கும் அதே பெயர். இன்றும் அந்த நாட்டில் சம்பளம் வாங்குவதும் சோளம் வாங்குவதும் கெட்சாலில்தான்.

#7 – இளவேனில்

இரண்டு கேள்வி. ஒன்று, ஆணின் தோகை வளையாமல் இருக்க கெட்சால் கூட்டுக்கு இரண்டு வாசல் வைக்கும், ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும் என்று பள்ளியில் எங்கள் ஆசிரியர் சொன்னார். இரண்டாவது, கூண்டில் அடைத்தால் துக்கத்தில் செத்துவிடும் என்கிறார்களே, அப்படியா?

#8 – முகில்வனம்

இளவேனில், இரண்டு வாசல் கதை மிகப் பழையது, ஆனால் கூட்டுக்கு ஒரே வாசல்தான். ஆண் உள்ளே போய்த் திரும்பி வாசலைப் பார்த்து உட்காரும். தோகை முதுகுக்கு மேலாக மடிந்து, நுனி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்தில் பார்ப்பவருக்கு மரத்தில் பெரணி முளைத்ததுபோல் தெரியும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன. பெரும்பாலும் 2 முட்டை, வெளிர் நீலம். பொரிக்க 18 நாள் அளவில் ஆகும். குஞ்சு வளர்ந்த பிந்தைய நாட்களில் பல கூடுகளில் பெண் விலகிவிட, ஆணே தொடர்ந்து ஊட்டுவதையும் கவனித்திருக்கிறார்கள். அத்தனை பெரிய தோகையோடு இந்த வேலையையும் செய்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்புதான். ஆண் குஞ்சுக்கு முழுத் தோகை வர சுமார் 3 ஆண்டுகள் ஆகும்.

கூண்டு விஷயத்தில், 'அடிமையாக வாழாத பறவை' என்று குவாத்தமாலாவில் அதைச் சுதந்திரத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். உடல்ரீதியான ஒரு காரணமும் உண்டு. பழம் தின்னும் பறவைகள் பலவற்றுக்கு, உணவில் இரும்புச்சத்து கூடினால் அது ஈரலில் சேர்ந்து கொல்லும். கெட்சாலுக்கும் அந்தப் பிரச்சினை இருக்கிறது. உணவைச் சரியாகப் புரிந்துகொண்டபின் மெக்சிகோவில் சியாப்பாஸின் தலைநகர் துஸ்த்லா குத்தியெரெஸில் உள்ள விலங்குப் பூங்காவில் கூண்டிலேயே இனப்பெருக்கமும் செய்ய வைத்திருக்கிறார்கள். அந்த அறிவு பயனுள்ளதுதான். ஆனால் கூண்டில் வளர்ந்த பறவைக்கு எந்த மாதம் எந்தச் சரிவில் பழம் இருக்கும் என்று யார் சொல்லித்தருவது?

#9 – பூவரசு

விதை பரப்புவது பற்றி ஒரு குறிப்பு. கெட்சால் இல்லாவிட்டால் அகுவாகத்தீயோ காடே அழியும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை.

மான்டேவெர்டேயில் டேனியல் வென்னியும் டக்ளஸ் லீவியும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒக்கோடியா என்ற லாரேசி மரத்தின் விதைகளை ஐந்து பறவை இனங்கள் எப்படிப் பரப்புகின்றன என்று பார்த்தார்கள். கெட்சால் உட்பட நான்கு இனங்கள் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே நிழலில் விதையைப் போட்டன. மூன்று தாடி மணிப்பறவை என்ற ஐந்தாவது பறவையின் ஆண்தான், காட்டின் நடுவே வெளிச்சம் விழும் திறப்புகளில், தான் பாட உட்காரும் மரத்தின் கீழே விதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே விழுந்த நாற்றுகள் கூடுதலாகப் பிழைத்தன.

காடு தழைக்கக் கெட்சால் மட்டும் போதாது. மணிப்பறவையும் வேண்டும், டூக்கன், குவான் போன்ற பறவைகளும் வேண்டும். அந்த மணிப்பறவையும் இதேபோல் மலைச்சரிவில் ஏறி இறங்கி வலசை போகும் பறவைதான். மான்டேவெர்டேயிலிருந்து நிக்கோயா வளைகுடா வரை போகும் வழித்தடத் திட்டத்துக்கு மணிப்பறவையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முகில்வனம் சொன்ன வாதத்துக்கு இது வலுதான் சேர்க்கிறது.

#10 – தேனிக்காரன்

பூவரசு, அருமையான தகவல்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. செந்தாமரை சொன்ன பள்ளத்தாக்கில் மரம் நிற்பதற்குக் காரணம் வருமானம். குவாத்தமாலாவில் பல கிராமங்களில் இன்றும் சமைப்பது விறகில். நிலமில்லாத கெக்ச்சி மாயா குடும்பம் ஒன்று சரிவில் சோளம் போடுவதைத் தவறு என்று இங்கிருந்து நாம் சொல்லிவிட முடியாது. நல்ல சமவெளி நிலமெல்லாம் காலனி காலத்திலிருந்து பெரிய காப்பித் தோட்டங்களின் கையில். ஏழைகள் மேலே மேலே தள்ளப்பட்டதால்தான் மேகக்காட்டுக்கு வந்தார்கள். இந்த நிலைமையில் தனியார் நிலத்து மரங்களை நம்பித் திட்டம் போட்டால், மழை பொய்த்த ஓர் ஆண்டில் எல்லாம் விறகாகிவிடும். சட்டப் பாதுகாப்புள்ள பெரிய காடு குறைந்தபட்சம் அப்படியே நிற்கும்.

பாஹா வெரபாஸில் புருல்ஹா அருகே கெட்சாலுக்காகவே ஒரு காப்பகம் இருக்கிறது. சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் மாரியோ தாரி முன்னின்று 1970களில் உருவாக்கியது. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த அவர் 1981இல் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்பகத்துக்கு இன்று அவர் பெயர். அத்தனை கொடுமையான காலத்தைத் தாண்டியும் அந்தக் காடு நிற்கிறது என்றால், அதை ஒரு பொது நிறுவனம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

#11 – முகில்வனம்

அண்ணா, மாரியோ தாரியை நினைவுபடுத்தியதற்கு நன்றி. நான் எழுதியிருக்க வேண்டிய பெயர்.

மக்கள் பற்றி நீங்கள் சொல்வதோடு எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. அதனால்தான் வேலியை மட்டும் நம்ப முடியாது என்கிறேன். ஹோண்டுராஸில் லா டிக்ரா மேகக்காடு 1980இல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. தலைநகர் தெகுசிகல்பாவின் குடிநீரில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பெரிய காரணம். மேகத்திலிருந்து இலைகள் பிடித்துச் சொட்டும் நீரும் மழையும் சேர்ந்து ஓடையாகின்றன. சியாப்பாஸின் எல் ட்ரியுன்ஃபோவில் காட்டைச் சுற்றி நிழல்மரத்துக்குக் கீழே காப்பி வளர்க்கிறார்கள். நிழல் மரங்களில் உள்ளூர் பழமரங்களையும் சேர்த்தால் வருமானமும் பறவைக்கு வழியும் சேர்ந்தே கிடைக்கும். மக்காச்சோளம் போட்டவரிடம் நிலத்தைக் காலி செய் என்பதைவிட இது நடக்கக்கூடியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆலன் பவுண்ட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999இல் மான்டேவெர்டே பற்றி வெளியிட்ட ஆய்வு. 1970களின் நடுவிலிருந்து அங்கே பனிமூட்டம் இல்லாத வறண்ட நாட்கள் கூடிவந்தன. கீழ்மலைப் பறவைகள் மேலே ஏறின. அவற்றில் ஒன்று வண்ண அலகு டூக்கன். அது கெட்சால்கள் இருக்கும் உயரத்திலேயே கூடு கட்டத் தொடங்கியது. அதற்கும் மரப்பொந்துதான் வேண்டும், பிற பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு. மேகம் மேலே நகர்ந்தால் மேகக்காடும் மேலே நகர வேண்டும், ஆனால் மலைக்கு ஒரு முடிவு உண்டு. நாம் எல்லை போட்ட காடே அடுத்த 50 ஆண்டுகளில் அதே காடாக இருக்குமா என்பது தெரியாதபோது, பறவை நகர்ந்து போக வழி வைக்காமல் அந்த ஒரு வட்டத்தை மட்டும் காத்தால் போதுமா?

#12 – வன்னிமயில்

இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அழியும் தறுவாயிலா?

#13 – பூவரசு

இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் பட்டியலில் 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. எண்ணிக்கை குறைந்துவருகிறது. சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் தடை. தென் அமெரிக்காவிலும் பனாமாவிலும் உள்ள மற்ற நான்கு கெட்சால் இனங்களும் இப்போதைக்குக் கவலையில்லாத நிலையில் இருக்கின்றன. நீண்ட தோகை உள்ளது இந்த ஓர் இனம்தான்.

#14 – இளவேனில்

செந்தாமரை அக்கா, அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் வர வாய்ப்பு இருக்கிறது. எந்த மாதம் நல்லது? படம் எடுக்கப் பெரிய லென்ஸ் வேண்டுமா?

#15 – செந்தாமரை_சான்ஓசே

தம்பி, பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை. அப்போதுதான் ஆண் மரங்களுக்கு மேலே உயரப் பறந்து, கத்திக்கொண்டே கீழே பாயும். விடிந்து முதல் இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாதே. குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வா.

லென்ஸைவிட முக்கியமான ஒன்று. கூட்டுக்கு அருகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதே. ஆட்கள் சுற்றி நின்றால் பெற்றோர் உணவோடு தூரத்திலேயே காத்துக்கொண்டிருக்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். போனில் குரல் ஒலிக்கவிட்டு ஆணை வரவழைக்கும் வழிகாட்டிகளும் உண்டு, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு, 'பழுத்த அகுவாகத்தீயோ எங்கே இருக்கிறது' என்று மட்டும் கேள். அந்த மரத்துக்கு எதிரில், நிலத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார். சாப்பிட வரும்.